பார்க்கின்சன் போலத் தோன்றும், ஆனால் பார்க்கின்சன் அல்ல

வயது போனவர்களின் நடை தளர்ந்து, கை கால் விறைத்து, பேச்சு மெலிந்து போனால் "பார்க்கின்சன் வருத்தம்" என்று அயலவர்களே பெயர் சூட்டிவிடுவார்கள். பல வேளைகளில் அந்தப் பெயர் சரியாகவும் இருக்கும். ஆயினும் சிலருக்கு எத்தனை குளிசை எடுத்தாலும் சுகம் தெரிவதில்லை. கையில் நடுக்கம் இருக்காது, ஆனால் அடிக்கடி விழுவார்கள். முன்னால் இருக்கும் சோற்றுக் கோப்பையைக் குனிந்து பார்க்க இயலாமல் உடுப்பில் சிந்துவார்கள். எழுந்து நின்றதும் கண் இருண்டு மயங்குவார்கள். "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை", "பார்த்து நடப்பதில்லை" என்று வீட்டார் கண்டிப்பார்கள். உண்மையில் அவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவர்களுக்கு வந்திருப்பது வேறொரு நோயாக இருக்கலாம்.

பார்க்கின்சன் நோயைப் போன்று தோற்றம் காட்டி, வேறு வழியில் செல்லும் இந்நோய்களை வைத்தியர்கள் "வழமைக்கு மாறான பார்க்கின்சன் வகை நோய்கள்" என ஒரு தொகுதியாக அழைக்கின்றனர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சிகள் இவற்றைப் பற்றி என்ன கண்டறிந்துள்ளன, அதனால் ஒரு குடும்பத்துக்கு என்ன பயன் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

முதலில் பார்க்கின்சன் நோய்

1817ஆம் ஆண்டு இலண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர், நடுக்க வாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரித்தது ஆறே ஆறு நோயாளரை. அவர்களுள் சிலர் அவர் தெருவில் கண்டு அவதானித்தவர்கள். நோயை விவரித்தாரேயன்றி, அதன் காரணம் அவருக்குத் தெரியவில்லை.

காரணத்தின் ஒரு பகுதி தெரியவர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. நமது நடுமூளையில் கருமை நிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்புக் கலங்கள் டொபமைன் என்ற இரசாயனத்தை உற்பத்தி செய்கின்றன. நாம் நினைத்த மாத்திரத்தில் கையைத் தூக்கவும் அடியெடுத்து வைக்கவும் இது அவசியம். பார்க்கின்சன் நோயில் இக்கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச் என்பவர், இறந்த நோயாளரின் மூளையில் டொபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ், லெவோடோபா என்ற மருந்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்து நோயாளரை நடக்கவைத்தார். மூளைக்குள் சென்று டொபமைனாக மாறும் பொருள் இது. நம் பகுதிகளில் பற்றைகளில் வளரும் பூனைக்காலி விதையிலும் இப்பொருள் இருக்கிறது. 1937இலேயே சென்னை ஆய்வுகூடம் ஒன்றில் அதை விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். ஆனால் விதைக்கு விதை அளவு மாறும் என்பதால், வைத்தியர் சொல்லாமல் அதை மருந்தாக உட்கொள்வது ஆபத்தானது.

லெவோடோபா இன்றும் பார்க்கின்சன் நோய்க்குரிய முதன்மையான மருந்து. அதனைக் கொடுத்தும் பலன் இல்லாமற் போகும்போதுதான் வைத்தியருக்கு "இது வேறு நோயோ?" என்ற ஐயம் எழுகிறது.

நான்கு நோய்கள்

முதலாவது, ப்ரொக்ரெஸிவ் சுப்ராநியூக்ளியர் பால்ஸி. சுருக்கமாக பி.எஸ்.பி. என்பர். நோய் தொடங்கிய ஆரம்ப காலத்திலேயே நோயாளர் விழத் தொடங்குவர், பெரும்பாலும் பின்புறமாக. கண்களை மேலும் கீழும் அசைப்பது கடினமாகும். அதிலும் கீழே பார்க்க முடியாமை மாடிப்படி இறங்குவதையும் சாப்பிடுவதையும் பெரும் பாடாக்கிவிடும். பார்க்கின்சன் நோயாளர் கூனிக் குனிந்து நடப்பர். இவர்களோ கழுத்து விறைத்து நிமிர்ந்து நிற்பர். புருவம் உயர்ந்து, எதையோ கண்டு வியந்தது போன்ற முகத் தோற்றமும் ஏற்படும்.

இரண்டாவது, மல்ரிபிள் சிஸ்டம் அற்றொபி, அதாவது எம்.எஸ்.ஏ. இதில் உடல் தானாகவே செய்யும் வேலைகள் குழம்புகின்றன. எழுந்து நின்றதும் குருதியமுக்கம் சடுதியாக இறங்கும். சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாது. சிலருக்கு உடற் சமநிலையைப் பேணும் மூளி பாதிக்கப்பட்டு நடை தள்ளாடும். பெரும்பாலும் ஐம்பது வயதுகளில் தொடங்குவதால், உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருப்பவரையே இது பிடித்துவிடுகிறது.

மூன்றாவது, கோர்ட்டிகோபேசல் டிஜெனரேஷன். ஒரு பக்கத்துக் கை மட்டும் விறைத்து, சொன்னபடி கேளாமல் போகும். பொத்தான் பூட்டுவது எப்படி என்பது மனதுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. சில வேளை அந்தக் கை தானாக அசைந்து, தன்னுடையது அல்ல என்ற உணர்வைக்கூடத் தரும்.

நான்காவது, லூயி உடல்களுடன் கூடிய மறதி நோய். 1976இல் ஜப்பானைச் சேர்ந்த கெஞ்சி கொசாகா இதனைத் தெளிவாக விவரித்தார். இன்று தெளிவாக இருப்பவர் நாளை குழம்பியிருப்பார். இல்லாத மனிதர்களும் சிறு பிள்ளைகளும் கண்ணுக்குத் தெரிவார்கள். இதை நோயின் அறிகுறி என்று அறியாமல் வேறு காரணங்களைத் தேடி அலைந்து, வைத்தியரிடம் செல்வதைத் தாமதிப்பவர்கள் உண்டு. இன்னொன்றும் முக்கியம். மாயத் தோற்றங்களை அடக்கக் கொடுக்கப்படும் ஹெலோபெரிடோல் போன்ற சில மருந்துகள் இந்நோயாளருக்குப் பாரதூரமான தீங்கு செய்யக்கூடும். ஆகவே பெயர் சரியாகத் தெரியாவிட்டால், மருந்தே வினையாகிவிடலாம்.

இந்நோய்கள் எதுவும் தொற்றுவதில்லை. பெரும்பாலானவை பரம்பரையாக வருவதும் இல்லை. பி.எஸ்.பி. நோய் ஒரு இலட்சம் பேரில் சுமார் ஐந்து முதல் ஏழு பேருக்கே இருக்கும் என்று பல நாட்டுக் கணக்கெடுப்புகள் மதிப்பிடுகின்றன. அரிதாக இருப்பதனால்தான் இது எளிதில் பிடிபடுவதில்லை.

பெயர் பிழைத்தால் என்ன நடக்கும்?

டட்லி மூர் என்ற பிரித்தானிய நடிகர் சிறந்த பியானோக் கலைஞருமாவார். அவர் பேச்சுக் குழறித் தடுமாறியபோது, மது போதையில் இருக்கிறார் என்று உலகம் பேசியது. தமக்கு பி.எஸ்.பி. நோய் இருப்பதாக 1999இல் அவர் அறிவித்த பின்னரே அந்தப் பழி நீங்கியது. 2002இல் அவர் காலமானார். அமெரிக்கப் பாடகி லிண்டா ரொன்ஸ்ரட், பார்க்கின்சன் நோயால் தம்மால் இனிப் பாட முடியாது என்று 2013இல் கூறினார். பின்னர் அது பி.எஸ்.பி. எனத் தெரியவந்தது. சிறந்த வைத்திய வசதிகள் உள்ளவர்களுக்கே இந்த நிலையென்றால், சாதாரண குடும்பங்களின் அலைச்சலைச் சொல்லத் தேவையில்லை.

பிழை எந்த அளவுக்கு நேர்கிறது என்பதை 1992இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இலண்டனில் அண்ட்ரூ லீஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், பார்க்கின்சன் நோய் என முடிவுசெய்யப்பட்டு இறந்த 100 பேரின் மூளைகளைப் பரிசோதித்தனர். அவர்களுள் 76 பேருக்கே உண்மையில் அந்நோய் இருந்தது. மீதி 24 பேரிடத்தில் பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. உட்பட வேறு நோய்கள் காணப்பட்டன. அந்த மூளைகளைத் தானமாக வழங்கிய குடும்பங்கள் இல்லையேல், இந்தப் பிழை வெளிவந்திராது. அதன் பின்னர் நோய் நிர்ணயத்துக்கான விதிகள் பலமுறை திருத்தப்பட்டன. பி.எஸ்.பி.க்கு 2017இலும் எம்.எஸ்.ஏ.க்கு 2022இலும் புதிய சர்வதேச நியதிகள் வெளியாகின.

நண்பரின் நோயிலிருந்து ஒரு கண்டுபிடிப்பு

பி.எஸ்.பி. கண்டுபிடிக்கப்பட்ட கதை அவதானிப்பின் அருமையைச் சொல்கிறது. 1950களில் கனடாவின் ரொறன்ரோ நகரில் கிளிஃபர்ட் ரிச்சர்ட்சன் என்ற நரம்பியல் வைத்தியரிடம், அவரது நண்பரான வர்த்தகர் ஒருவர் வந்தார். கைகால் தடுமாற்றம், பார்வைச் சிரமம், சிறிதளவு மறதி ஆகியவை அவரது முறைப்பாடுகள். அறிந்த எந்த நோயோடும் அவை பொருந்தவில்லை. ரிச்சர்ட்சன் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. அதே மாதிரியான வேறு நோயாளரையும் குறித்துவைத்தார். பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளம் வைத்தியர் ஜோன் ஸ்ரீல், மூளை நோயியல் அறிஞர் ஜெர்சி ஒல்செவ்ஸ்கி ஆகியோருடன் இணைந்து, ஒன்பது நோயாளரைப் பற்றிய கட்டுரையை 1964இல் வெளியிட்டார். இறந்த பின்னர் அவர்களது மூளைத்தண்டில் ஒரே விதமான சிதைவும் முடிச்சுகளும் காணப்பட்டன. பொருந்தாத அறிகுறியைப் புறந்தள்ளாத ஒருவரின் பொறுமையால் ஒரு நோய்க்குப் பெயர் கிடைத்தது.

மடிப்புப் பிழைத்த புரதங்கள்

அந்த முடிச்சுகள் எவற்றால் ஆனவை? நமது உடலில் ஒவ்வொரு புரதமும் குறிப்பிட்ட விதமாக மடிந்திருந்தால்தான் தன் வேலையைச் செய்யும். மடிப்புப் பிழைத்தால், ஒன்றோடொன்று ஒட்டி நாராகத் திரண்டு கலத்தை நெருக்கும். பி.எஸ்.பி.யிலும் கோர்ட்டிகோபேசல் நோயிலும் இவ்வாறு திரள்வது டௌ என்ற புரதம். பார்க்கின்சன், லூயி உடல் நோய், எம்.எஸ்.ஏ. ஆகியவற்றில் திரள்வது அல்பா சைனுக்ளின் என்ற புரதம். இரண்டாவது புரதத்தின் பங்கு 1997இல் தெரியவந்தது.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. ஒரே புரதம் எவ்வாறு வெவ்வேறு நோய்களை உண்டாக்குகிறது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மைக்கல் கோடெர்ட், ஸ்ஜோர்ஸ் ஷேரெஸ் ஆகியோரின் குழுவினர், தானமாகக் கிடைத்த மூளைகளிலிருந்து இந்நார்களைப் பிரித்து, கடுங்குளிரில் உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தனர். 2017இல் அல்ஸைமர் நோயின் டௌ நார்களில் தொடங்கி, 2020இல் கோர்ட்டிகோபேசல் நோயினதும் 2021இல் பி.எஸ்.பி.யினதும் நார்களின் வடிவத்தைக் கண்டனர். எம்.எஸ்.ஏ. நோயின் அல்பா சைனுக்ளின் நார்களையும் 2020இல் படம்பிடித்தனர். ஒரே துணியை ஒருவர் நான்காகவும் மற்றவர் சுருட்டியும் மடிப்பது போல, ஒரே புரதம் நோய்க்கு நோய் வேறு விதமாக மடிந்திருந்தது. இவ்வாறு பல நோய்களுக்குத் தமக்கே உரிய மடிப்பு உண்டு. குறித்த மடிப்பில் மட்டும் சென்று ஒட்டும் பொருளைத் தயாரிக்க முடிந்தால், நோயைப் படம்பிடிக்கவும் ஒருநாள் தடுக்கவும் வழி பிறக்கும்.

உயிரோடு இருக்கும்போதே கண்டறிதல்

நெடுங்காலமாக இறந்த பின் மூளையை வெட்டிப் பார்த்தே நோயை உறுதி செய்ய முடிந்தது. இப்போது நிலைமை மாறி வருகிறது.

எம்.ஆர்.ஐ. படத்தில் பி.எஸ்.பி. நோயாளரின் நடுமூளை மெலிந்து, பக்கவாட்டில் பார்க்கும்போது நீண்ட அலகுள்ள ரீங்காரச் சிட்டின் உருவில் தெரியும். எம்.எஸ்.ஏ. நோயாளர் சிலரின் மூளைத்தண்டில், மேலே குறுக்குக் கோடிட்ட பணிஸ் போன்ற அடையாளம் தோன்றும். ஆயினும் ஆரம்ப காலத்தில் இவை தெளிவாகத் தெரியாமலும் போகலாம்.

அதைவிட நுட்பமான முறை ஒன்றை நம் வீட்டுத் தயிரைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பாலில் சிறிது உறை ஊற்றினால் முழுப் பாலும் தயிராகிறது. மடிப்புப் பிழைத்த புரதமும் அத்தகைய உறைதான். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து சிறிதளவு மூளைய முண்ணாண் பாய்பொருளை எடுத்து, ஆய்வுகூடத்தில் நல்ல அல்பா சைனுக்ளினுடன் சேர்க்கின்றனர். அதில் கெட்ட புரதம் அணுவளவு இருந்தாலும் நல்லதையும் தன் வழிக்கு மாற்றும். சேர்த்திருக்கும் சாயம் அப்போது ஒளிரும். 2020இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் கிளோடியோ சோட்டோவின் குழுவினர், ஒளிரும் விதத்தைக் கொண்டு பார்க்கின்சனையும் எம்.எஸ்.ஏ.யையும் 100க்கு 95க்கு மேற்பட்ட தடவை சரியாகப் பிரித்தறியலாம் எனக் காட்டினர். 2023இல் 1,123 பேர் பங்குபற்றிய ஆய்வில், பார்க்கின்சன் நோயாளரில் 100க்கு 88 பேரை இச்சோதனை இனங்கண்டது.

2024இல் வெளியான இன்னோர் ஆய்வில் 428 பேரின் தோலிலிருந்து சிறு சிறு துண்டுகள் எடுக்கப்பட்டன. தோலின் நரம்புகளில் மாற்றமடைந்த அல்பா சைனுக்ளின் பார்க்கின்சன் நோயாளரில் 92.7 வீதமானோரிடமும் எம்.எஸ்.ஏ. நோயாளரில் 98.2 வீதமானோரிடமும் காணப்பட்டது. நோயற்றவர்களிடம் 3.3 வீதமே. டௌ புரத நோய்களுக்கு இவ்வளவு நம்பகமான சோதனையை உருவாக்கும் முயற்சி இன்னும் தொடர்கிறது.

இரண்டு தீவுகள் தந்த எச்சரிக்கை

சில இடங்களில் இந்நோய்கள் வழக்கத்துக்கு மாறாக மிகுந்து காணப்பட்டன. பசிபிக் சமுத்திரத்தின் குவாம் தீவில், சமோரோ மக்களிடையே 1950களில் பார்க்கின்சன் போன்ற நோயும் தசை நலிவு நோயும் மற்ற நாடுகளைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தன. முன்னர் குறிப்பிட்ட ஜோன் ஸ்ரீல் பிற்காலத்தில் அங்கு சென்று அம்மக்களிடையே பணியாற்றினார். பின்வந்த தலைமுறைகளில் அந்நோய் வெகுவாகக் குறைந்தது. காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் 1999இல் வெளியான ஆய்வொன்றில், பார்க்கின்சன் அறிகுறிகள் கொண்ட 87 நோயாளருள் வழமையான பார்க்கின்சன் நோய் இருந்தவர்கள் 22 பேர் மாத்திரமே. அங்குள்ளவர்கள் முள் அன்னமுன்னாப் பழத்தையும் அதன் இலைத் தேநீரையும் வழக்கமாக உட்கொள்வது கவனத்துக்கு வந்தது. அத்தாவரத்திலுள்ள அனோனசின் என்ற பொருள், கலங்களின் சக்தி நிலையமான இழைமணியைத் தாக்குவதும் எலிகளின் நரம்புக் கலங்களைச் சிதைப்பதும் ஆய்வுகூடத்தில் தெரியவந்தது. பழந்தான் நோய்க்குக் காரணம் என்று இதனால் முடிவாகிவிடவில்லை. எப்போதாவது ஒரு துண்டுப் பழம் சாப்பிட்டவர் அஞ்ச வேண்டியதும் இல்லை. ஆனால் சிங்களத்தில் கட்டு அனோதா எனப்படும் இதே மரம் நம் நாட்டிலும் உண்டு. புற்றுநோய்க்கு மருந்து என்று நம்பி இதன் இலையை அவித்து நாள்தோறும் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. இயற்கையானது என்பதனால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

மருந்து எங்கே?

நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. டௌ புரதத்தைப் பிடித்து அகற்றும் என எதிர்பார்க்கப்பட்ட இரண்டு பிறபொருளெதிரி மருந்துகள் பி.எஸ்.பி. நோயாளரிடம் பரீட்சிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று மூளைய முண்ணாண் பாய்பொருளில் தான் குறிவைத்த புரதத்தைக் குறைத்தது. ஆனால் நோயாளரின் நிலை முன்போலவே மோசமாகிக்கொண்டு சென்றது. 2021இல் இரண்டின் முடிவுகளும் ஏமாற்றத்துடன் வெளியாகின.

இதனை வீண் முயற்சி எனக் கொள்ளலாகாது. கலத்துக்கு வெளியே உள்ள புரதத்தை அகற்றினால் மட்டும் போதாது என்ற பாடம் அதிலிருந்து கிடைத்தது. எனவே கலத்துக்குள்ளேயே அப்புரதம் உருவாவதைக் குறைக்கும் வழிகள் இப்போது ஆராயப்படுகின்றன. ஒரு மருந்துக்கு ஒரு பரீட்சை என்றில்லாமல், ஒரே ஏற்பாட்டின் கீழ் பல மருந்துகளைச் சோதிக்கும் முறையும் அமெரிக்காவில் பி.எஸ்.பி.க்கென உருவாக்கப்பட்டுள்ளது. நோயாளர் தொகை குறைவான ஒரு நோய்க்கு இது பெரிய உதவி.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

மருந்து வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நோயின் சரியான பெயர் தெரிந்தால், பராமரிப்பும் சரியான திசையில் செல்லும்.

கீழே பார்க்க முடியாதவருக்குச் சாப்பாட்டுக் கோப்பையைக் கண்மட்டத்துக்கு அண்மையில் உயர்த்தி வைக்கலாம். தரையில் கிடக்கும் கால்விரிப்பு, மின்வயர், வாசற்படித் தடை ஆகியவற்றை அகற்றலாம். குந்தியிருக்கும் மலசலகூடத்திலிருந்து எழுவது இவர்களுக்கு மிகக் கடினம். உயரமான இருக்கையும் சுவரில் கைபிடியும் எலும்பு முறிவைத் தவிர்க்கும். எம்.எஸ்.ஏ. நோயாளரைப் படுக்கையிலிருந்து சடுதியாக எழுப்பக் கூடாது. முதலில் அமர வைத்து, சற்று நேரம் பொறுத்த பின்னரே நிற்க வைக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டி எந்தப் பதத்தில் உணவு கொடுப்பது எனக் கேட்டறிய வேண்டும். நுரையீரலுக்குள் உணவு செல்வதால் வரும் கிருமித்தொற்றே இவர்களுள் பலரின் உயிரைப் பறிக்கிறது.

வைத்தியரிடம் செல்லும்போது, எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் கொண்டு செல்லுங்கள். வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கப்படும் சில மருந்துகளாலும் பார்க்கின்சன் போன்ற விறைப்பு ஏற்படும். அவற்றை வைத்தியர் மாற்றினால் அது குறையக்கூடும். முதன்முதலில் விழுந்தது எப்போது, எந்தப் பக்கமாக விழுந்தார், குளிசைக்குப் பின் மாற்றம் தெரிந்ததா என்பவற்றை ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதி வையுங்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில் வைத்தியருக்கு அந்தக் கொப்பி பெரிதும் கைகொடுக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய நோயாளரைத் தூக்கி, கழுவி, ஊட்டி, இரவில் விழித்திருப்பது அநேகமாக வீட்டிலுள்ள உம்மாவோ மூத்த மகளோதான். நோய் பல ஆண்டுகள் நீடிக்கும். அந்தச் சுமையை வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் முறைவைத்துப் பகிராவிட்டால், ஒரு நோயாளருடன் இன்னொரு நோயாளரும் உருவாகிவிடுவார்.

அன்பு மாணவிகளே, மூளைக்குள் நடப்பதை அறிய உங்களுக்கு இன்று நுணுக்குக்காட்டி தேவையில்லை. உம்மம்மாவின் நடையில், மூத்தப்பாவின் பேச்சில், பக்கத்து வீட்டு முதியவரின் பார்வையில் வந்த மாற்றத்தைக் கவனித்தாலே போதும். அந்த மாற்றத்தைக் கண்டு சிரிக்காமல், ஏசாமல், திகதியோடு எழுதி வையுங்கள். ரொறன்ரோவில் ஒரு வைத்தியர் தம் நண்பருக்குச் செய்ததும் அதுதான். உங்களுள் யாரேனும் நாளை உயிரியல் கற்று ஆய்வுகூடத்துக்குச் செல்லலாம், செல்லாமலும் போகலாம். வீட்டிலிருக்கும் முதியவர் விழுந்து எழும்போது "ஏன் பார்த்து நடக்கவில்லை?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்தப் பக்கமாக விழுந்தீர்கள்?" என்று கேட்க இன்றே எல்லோராலும் முடியும்.